சுவடி தேடிய கர்னல் மெக்கன்சி துரை

காஞ்சிமாநகரில் நெசவு செய்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டன் பூட்டன் காலத்துப் பனையேட்டுக் கட்டொன்று பரண்மீது கிடந்ததைக் கண்ட பெரியோர் இன்றும் உளர். சரஸ்வதி பூசையன்று மட்டும் அது கீழே இறங்கும். தூசி தட்டப்பெற்று, மஞ்சளும் குங்குமமும் பெற்று, மறுநாட் காலையில் மீண்டும் பரணேறிவிடும். இதனை எழுதுவோனுடைய வீட்டிலும் அத்தகைய கட்டொன்று இருந்தது. அதிலிருந்தது வைத்தியமோ, பற்று வரவுக் கணக்கோ, குல வரலாறோ ஒருவரும் பிரித்துப் பார்த்திலர். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டிய ஆண்டில், உடைந்த ஓட்டோடும் உளுத்த மரத்தோடும் அதுவும் குப்பை வண்டி ஏறிற்று. அந்நாளில் அதனை ஓர் இழப்பென்று எங்களுள் ஒருவரும் எண்ணவில்லை.

இந்நாட்டின் மொழியொன்றும் நன்கறியாத அந்நியர் ஒருவர், இத்தகைய கட்டுகளைத் தேடித் தம் வாழ்நாளையும் கைப்பொருளையும் செலவிட்டார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது எமக்குண்டான நாணம் சிறிதன்று. அவரே கர்னல் காலின் மெக்கன்சி என்பவர். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் என வழங்கும் பெருங்களஞ்சியத்திற்கு முதல் வித்தாய் அமைந்தது அவர் சேர்த்த தொகுதியேயாகும். அந்நூலகம் சென்னைப் பல்கலைக் கழக நூலகக் கட்டடத்தில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. மெக்கன்சியின் சரிதத்தையும், அவர் பெயரால் வழங்கும் அத்தொகுதியை உண்மையில் உழைத்துச் சேர்த்தோருடைய சரிதத்தையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இயன்ற அளவு எடுத்துரைப்போம்.

மெக்கன்சி 1754-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்தின் வடமேற்கே கடலினிடையுள்ள லூயிஸ் என்னும் தீவில், ஸ்டோர்னோவே என்ற சிறு துறைமுகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு வணிகர். மெக்கன்சி இளமையில் அவ்வூர்ச் சுங்கச் சாவடியிலே உத்தியோகம் பார்த்தார். கணிதத்தில் அவருக்கிருந்த பற்றுக் காரணமாக நேப்பியர் பிரபு என்பவருடைய ஆதரவு கிட்டியது. அப்பிரபுவின் முன்னோராகிய ஜான் நேப்பியர் என்பாரே 1614-ஆம் ஆண்டில் மடக்கை என்னும் கணித முறையை வெளியிட்டவர். தம் முன்னோருடைய சரிதத்தை எழுத விரும்பிய பிரபு, கணக்கில் வல்லவரெனப் புகழ்பெற்ற இந்துக்களிடம் அத்தகைய முறை ஏதேனும் உண்டோவென்று ஆராயும் வேலையை இவ்விளைஞரிடம் ஒப்புவித்தார். நூல் முடிவதற்கு முன் 1773-இல் பிரபு காலஞ்சென்றார். ஆயினும் இந்தியாவைப் பற்றிய ஆவல் மெக்கன்சியின் உள்ளத்தில் அவியாமல் இருந்தது.

இருபத்தொன்பதாம் வயதில், 1783-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சேனையில் சேர்ந்து அவர் சென்னைத் துறையில் இறங்கினார். அவ்வயதில் படையிற் புகுதல் காலந்தாழ்த்த செயலேயாகும். உடன் வந்தோர் பலரும் மீசை அரும்பாத பிள்ளைகள். பின்னர் முப்பத்தெட்டாண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளிலும் தாம் பிறந்த தீவை மீண்டும் கண்டாரிலர்.

நேப்பியர் பிரபுவின் புதல்வியார் ஹெஸ்டர் என்னும் அம்மையார், தம் கணவர் ஜான்ஸ்டன் என்பவருடன் அப்போது மதுரையில் வாழ்ந்துவந்தார். தந்தையார் தொடங்கிய வேலையை முடிக்க வேண்டுமென்ற கருத்தால் மெக்கன்சியை மதுரைக்கு வரவழைத்து, அவ்வூர்ப் பண்டிதர்களுடன் பழகுமாறு செய்வித்தார். கணித ஆராய்ச்சி எவ்வளவு நிறைவேறியதோ, அது வேறு செய்தி. இத்தேசத்தாருடைய பழைய அறிவெல்லாம் அச்சேறாத ஏடுகளிலும் கற்களிலும் செப்புப் பட்டயங்களிலும் சிதறிக் கிடக்கின்றது என்னும் உண்மை மதுரையிலேதான் அவருக்குப் புலப்பட்டது.

எனினும் அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் போரிலும் அளவையிலுமே கழிந்தன. 1786-இல் எஞ்சினீயர் பகுதிக்கு மாற்றப்பட்டார். மைசூர் யுத்தம், புதுச்சேரி முற்றுகை, இலங்கைப் படையெடுப்பு என்று ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தார். ஏடு தேட அவகாசம் ஏது? அவகாசம் வாய்த்த காலத்தும் மொழி வாய்க்கவில்லை. தமிழாவது தெலுங்காவது கன்னடமாவது அவருக்குப் படிக்க வரவில்லை. இக்குறையை அவர் மறைத்தாருமல்லர்.

1796-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து மீண்டபின் அவருக்குக் காவலி வெங்கட போரையா என்னும் இளைஞர் துணையாகக் கிடைத்தார். ஏலூரைச் சேர்ந்த தெலுங்கு அந்தணர். அப்போது இருபது வயதுக்கு மேற்படாதவர். வடமொழி முதலாகப் பல பாஷைகளில் வல்லவர். எவ்வகை மனிதரிடமும் இனிது பேசிப் பழகும் இயல்பினர். அக்காலத்துக் கிராமத்தார்க்கு அளவைச் சங்கிலியோடு வரும் கம்பெனித் துரையைக் கண்டால் அச்சம். நிலத்தை அளப்பது வரியைக் கூட்டுவதற்கே என்பது அவர்கள் அநுபவம் கற்பித்த பாடம். ஏட்டைக் காட்டினால் மானியம் பறிபோகுமோ என்று கர்ணமும் கோயிலாரும் நடுங்கினர். அந்த அச்சத்தைப் பேசித் தணித்து, பூட்டிய பெட்டிகளைத் திறப்பித்தவர் போரையாவேயாவர். பழைய கன்னட எழுத்துக்களில் வெட்டப்பட்டு, அக்காலத்தவரால் எளிதிற் படிக்கவியலாத சாஸனங்களைப் படித்தறியும் வகையையும் அவர் கண்டனர். அவர் வந்து சேர்ந்த பின்னரே மெக்கன்சியின் எண்ணம் செயலாயிற்று.

1799-இல் சீரங்கபட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். அந்த முற்றுகையிலும் மெக்கன்சி எஞ்சினீயராக இருந்தவர். போர் முடிந்ததும் மைசூர் ராஜ்யம் முழுவதையும் அளக்கும் பெரும்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பதினாயிரம் சதுர மைல் பரப்பு. அப்பணி 1810 வரையில் நடந்தது. மலையும் ஆறும் ஊரும் எல்லையும் குறிப்பதோடு அவ்வேலை முடிந்துவிட வேண்டியது. மெக்கன்சி அதனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இவ்வூர் எப்போது உண்டாயிற்று, யார் யார் ஆண்டனர், கோயிலுக்கு யார் நிலம் விட்டனர், என்னென்ன குலத்தார் எங்கிருந்து வந்து குடியேறினர், என்ன தொழில் செய்கின்றனர் என்று வினாக்கள் பல எழுதித் தம் ஆட்களிடம் கொடுத்தனுப்பினார். ஊர்க் கணக்கர் அவற்றிற்கு விடையாக எழுதிக் கொடுத்த வரலாறுகளே கைபீது எனப்படுவன. ஆயிரமாயிரமாக அவை வந்து சேர்ந்தன.

வந்தவை யாவும் பனையேடு என்று நினைக்க வேண்டா. கன்னட நாட்டிலே கடதம் என்பதொரு வகைப் புத்தகம் உண்டு. துணியை எடுத்து, புளியங்கொட்டைக் கூழும் கரித்தூளும் கலந்து இருபுறமும் பூசி, உலர்த்தி, விசிறிபோல் மடித்து வைத்துக்கொள்வர். மாக்கல்லால் அதன்மேல் எழுதினால் கரும்பலகையில் எழுதியதுபோல் வெண்மையாய்த் தோன்றும். வேண்டாதபோது துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம். ஊர்க்கணக்கரும் வணிகரும் கணக்கெழுதியது இத்துணிப் புத்தகத்திலேயாம். நூலுக்குக் கஞ்சியிட்டு விறைப்பேற்றும் வித்தை நமக்குப் புதிதன்று; ஆயினும் நெய்த துணியே நூலாக மாறி ஓர் ஊரின் சரித்திரத்தைத் தாங்கிநின்றது என்பதை நெசவாளர் குலத்தில் பிறந்தோர் கேட்கும்போது ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகத்தான் செய்கிறது.

போரையா நெடுநாள் வாழவில்லை. 1803-ஆம் ஆண்டில், இருபத்தாறாம் வயதில், சென்னையில் திடீரென இறந்தார். மெக்கன்சி மிக வருந்திச் சென்னைக் கடற்கரையில் அவருக்கு ஞாபகச் சின்னமொன்று எழுப்புவித்தார் என்று போரையாவின் தம்பியார் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரத் துரையொருவர் தம் கீழ்ப் பணி செய்த இந்தியருக்குச் சின்னம் எழுப்புவது அந்நாளில் காணற்கரியது. மூத்தவர் இறந்தபின் தம்பியர் வேலையை ஏற்றனர். காவலி வெங்கட லட்சுமையா தலைமை உதவியாளரானார். மற்றொரு சகோதரர் இராமசாமி, பிற்காலத்தில் தக்கணத்துக் கவிஞர்களின் சரிதத்தை ஆங்கிலத்தில் எழுதி 1829-இல் கல்கத்தாவில் அச்சிட்டார். இவர்களோடு தருமையா என்னும் சமண பண்டிதரும் சேர்ந்தார். சமணரைப் பற்றி மெக்கன்சி ஆசியாடிக் சங்கத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் வெளியிட்ட கட்டுரைக்கு இப்பண்டிதர் தந்த செய்திகளே பெரிதும் ஆதாரமாயின. நம் நகருக்கு அருகேயுள்ள திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் அழகிய ஓவியங்களைக் கண்டு மகிழ்வோர், அச்சமயத்தின் வரலாறு ஆங்கில நூல்களில் இடம்பெறத் தொடங்கிய காலத்தில் அதற்குத் துணைநின்றவர் ஒரு தென்னாட்டுப் பண்டிதர் என்பதையும் நினைவிற் கொள்வாராக.

தமிழ்நாட்டுக்கும், சிறப்பாக நம் தொண்டைமண்டலத்துக்கும், மெக்கன்சியின் ஆட்கள் வந்தனர். இம்மண்டலத்தைப் பற்றி அவர்கள் சேர்த்தவற்றில் குறும்பர் வரலாறு புகழ்பெற்றது. குறும்பர் இந்நாட்டை இருபத்துநான்கு கோட்டங்களாக வகுத்து, புழற்கோட்டையைத் தலைமையாகக் கொண்டு ஆண்டனர் என்றும், ஆதொண்டச் சோழன் அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றிக் காஞ்சியைத் தலைநகராக்கினான் என்றும் அது கூறுகிறது. வலங்கை இடங்கை என்னும் பழம் பிரிவினைகள் எவ்வாறு உண்டாயின என்பதைக் காஞ்சியோடு இணைத்துக் கூறும் செய்திகளும் அக்காலத்தில் வழங்கின. இப்பிரிவினைகளால் நம் முன்னோர் தெருவில் பல்லக்கு ஏறுவதற்கும் கொடி பிடிப்பதற்கும்கூட வழக்காடினர். ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் பெருமையை எழுதித் தந்த ஏடுகள் மெக்கன்சி தொகுதியில் ஏராளம். அவற்றைப் படிப்போர், ஒரு குலத்தார் சொன்னதற்கு மறுகுலத்தார் சொன்னது நேர்மாறாக இருப்பதைக் கண்டு நகைப்பர். நாமும் நம் குலப் பெருமையைப் பேசுகையில் அந்நகைப்பை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இக்கதைகள் முழுதும் சரித்திரமாகா. குறும்பர் வரலாற்றைப் படித்துவிட்டுக் காஞ்சியின் பழமை இதுவேயென்று முடிவு கட்டுவோர் ஏமாறுவர். பல்லவர் இந்நகரில் அரசிருந்து கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த செய்தி மக்கள் நினைவிலிருந்து மங்கிப்போயிருந்தது. அக்கோயிற் கல்வெட்டுக்களைப் படித்து டாக்டர் ஹுல்ட்ஷ் என்பவர் 1890-இல் அச்சிட்ட பிறகே அது தெளிவாயிற்று. ஆனால் கதை சரித்திரமன்று என்பதற்காக அதனை எறிந்துவிடுதல் தகுமோ? இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூர் மக்கள் தம்மைப் பற்றி என்ன நம்பினர், எதனை உரிமையென்று கருதினர், எவரோடு பிணங்கினர் என்பவற்றை அறிவதற்கு இவ்வேடுகள் போன்ற சான்று கல்லிலும் கிடையாது. கல்வெட்டு அரசன் கொடையைச் சொல்லும். ஊராரின் மனத்தைச் சொல்லாது.

கல்வெட்டுக்களையும் மெக்கன்சி விட்டாரிலர். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சாஸனங்களின் பிரதிகளை அவருடைய ஆட்கள் எழுதிச் சேர்த்தனர். சாஸன ஆராய்ச்சிக்கென்று அரசாங்கத்தார் தனி அலுவலரை நியமித்ததற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்த வேலை இது. எழுத்தறியாத கொத்தர் கல்லைப் புரட்டிப் படிக்கட்டாக்குவதும், திருப்பணி என்ற பெயரால் சுவரெங்கும் சுண்ணாம்பு பூசுவதும் நாம் கண்கூடாய்க் கண்டவை.

கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியிலே நிகழ்ந்தது இதனினும் கொடிது. அங்கிருந்த பௌத்த ஸ்தூபத்தின் சலவைக்கல் சிற்பங்களை உள்ளூர் ஜமீன்தாரின் ஆட்கள் கட்டட வேலைக்குப் பெயர்த்தெடுத்து வந்தனர். மெக்கன்சி 1798-ஐ ஒட்டி முதன்முறை சென்று பார்த்தார். 1816-இல் மீண்டும் சென்று, சித்திரக்காரரைக் கொண்டு எஞ்சிய சிற்பங்களை வரைவித்தார். அக்கற்களுட் பல பின்னர் மறைந்தொழிந்தன. அவற்றின் உருவம் அப்படங்களில் மட்டுமே இன்று காணக்கிடைக்கிறது.

இனி அவர் வாழ்வில் நாம் மெச்சவியலாத ஒரு பகுதியையும் ஒளியாது கூறவேண்டும். 1811-ஆம் ஆண்டில் கம்பெனியார் ஜாவாத் தீவின்மேல் படையெடுத்தபோது மெக்கன்சி எஞ்சினீயர்களின் தலைவராக உடன் சென்றார். 1812-இல் ஆங்கிலப் படை ஜோக்ஜாகர்த்தா சுல்தானின் அரண்மனையைத் தாக்கிச் சூறையாடிற்று. அரண்மனைப் புத்தகசாலையிலிருந்த சுவடிகளும் கொள்ளையிற் போயின. அவற்றுட் பல மெக்கன்சி முதலிய துரைமார்களின் தொகுதிகளிற் சேர்ந்தன. இங்கே தென்னாட்டில் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதி வாங்கிய கைபீதுக்கும், அங்கே வாள்முனையில் எடுத்த ஏட்டுக்கும் பெரும் வேற்றுமை உண்டு. அவ்வரண்மனைச் சுவடிகளில் லண்டனிலுள்ள எழுபத்தைந்தின் படப்பிரதிகளை 2019-இல் பிரிட்டிஷ் நூலகத்தார் ஜோக்ஜாகர்த்தா சுல்தானிடம் அளித்தனர். மூல ஏடுகள் லண்டனிலேயே உள்ளன.

அந்தத் தீவிலேதான் தம் ஐம்பத்தெட்டாம் பிராயத்தில் அவர் பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்னும் மாதை மணந்தார். ஜாவாவிலிருந்து வங்காளம் வந்து, வடநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1815-இல் சென்னைக்கு மீண்டார். அவ்வாண்டிலேயே இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல் என்னும் உயர்பதவி அவருக்கு வழங்கப்பட்டது.

மறு ஆண்டில் தாமஸ் ஹிக்கி என்னும் சித்திரக்காரர் சென்னையில் எழுதிய மெக்கன்சியின் படமொன்று லண்டனில் இருக்கிறது. சிவந்த இராணுவ உடுப்பில் அவர் நடுவே நிற்கிறார். சுற்றிலும் இந்நாட்டார் மூவர். அவர்களுள் ஒருவர் கையில் பனையேடு. மற்றொருவர் கையில் தொலைநோக்கி. தூரத்தே குன்றின்மேல் கோமடேசுவரர் உருவம் தெரிகிறது. தமக்கென்று எழுதிய படத்தில் உதவியாளரையும் உடன் நிறுத்திய துரைமார் மிகச் சிலரே. எனினும் நிறுத்தியவர் நடுவிலும் நின்றவர் ஓரத்திலுமாகவே படம் அமைந்துள்ளது. நம் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது ஒருவர் தறிக்குழியில் அமர்வார். கரைநாடாவை வாங்கிவீசப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பாவு புணைவோர் தெருவில் உண்டு. சாயமிட்டவர், சரிகை இழைத்தவர் எங்கோ உளர். சேலை கடைக்குப் போனபின் அது அக்கடையின் பெயராலேயே வழங்குகிறது. மெக்கன்சி தொகுதி என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு அந்நினைவு வருகின்றது.

1817-இல் மெக்கன்சி கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. தம் ஏட்டுப் பெட்டிகளையும் காவலி சகோதரர் முதலிய பணியாளரையும் உடனழைத்துச் சென்றார். தென்னாட்டு மொழிகள் வழங்காத அவ்வூரில் ஏடுகளை வகுத்து மொழிபெயர்ப்பிப்பது எளிதாயில்லை. உடல்நலமும் குன்றிற்று. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஓர் அட்டவணை வெளியிட வேண்டுமென்பது அவர் விருப்பம். அது நிறைவேறவில்லை. காற்று மாற்றம் வேண்டி ஹூக்ளி நதியில் படகேறிச் செல்கையில் 1821-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி உயிர் நீத்தார். கல்கத்தாவில் தென் பார்க் தெருக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இவ்விடத்தில் மற்றொரு துரையின் கதியை ஒப்புநோக்குதல் வேண்டும். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை தமிழ் நன்கு கற்றவர். தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே எடுத்துக்காட்டியவர். நம் தொண்டைமண்டலத்து மிராசு உரிமையை ஆராய்ந்தெழுதியவரும் அவரே. புலமையில் மெக்கன்சியினும் எவ்வளவோ உயர்ந்தவர். 1819-இல் இராமநாதபுரத்தில் எதிர்பாராது இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புக்களுட் பல மதுரையில் ஒரு துரையின் சமையற்காரனுக்கு அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்று பின்வந்த அறிஞர் எழுதியிருக்கின்றனர்.

மெக்கன்சியின் ஏடுகள் அடுப்பிற்குத் தப்பின. அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபு, அவற்றைக் கம்பெனிக்காக ஒரு லட்ச ரூபாய்க்கு மெக்கன்சியின் மனைவியாரிடமிருந்து விலைக்கு வாங்கச் செய்தார். ஒரு லட்சம் பெருந்தொகையே. ஆயினும் மெக்கன்சி தம் சம்பளத்திலிருந்து அவற்றிற்காகச் செலவிட்டது அதனினும் மிகுதி. ஹொரேஸ் ஹேமன் வில்சன் என்னும் வடமொழிப் பண்டிதர் அட்டவணை தயாரித்து 1828-இல் இரண்டு பாகங்களாக அச்சிட்டார். அதன்படி இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, சாஸனப் பிரதிகள் 8,076, மொழிபெயர்ப்புக்கள் 2,159, சித்திரங்கள் 2,630, நாணயங்கள் 6,218. வில்சனுக்குத் தென்னாட்டு மொழிகள் தெரியா. இந்நாட்டு உதவியாளர் சொல்லியதைக் கொண்டே அவ்வட்டவணை முற்றுப்பெற்றது.

பின்னர்த் தொகுதி பிரிந்தது. மொழிபெயர்ப்புக்களும் சித்திரங்களும் பிறவும் லண்டன் சென்றன. தென்னாட்டு மொழிச் சுவடிகள் 1828-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தன. வேலையைத் தொடர்ந்து நடத்த அனுமதி வேண்டுமென்று லட்சுமையா விண்ணப்பம் செய்துகொண்டார். அவர் சென்னை இந்து இலக்கியச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். முப்பதாண்டுக் காலம் இவ்வேடுகளோடே வாழ்ந்தவர். அரசாங்கத்தார் கல்கத்தா ஆசியாடிக் சங்கத்தைக் கருத்துக் கேட்டனர். பிரின்ஸெப் முதலியோர் 1836-இல் அவ்விண்ணப்பத்தை ஆதரிக்க மறுத்தனர். இந்நாட்டார் உதவியாளராயிருக்கத் தக்கவர். நூல்களை ஒப்புநோக்கித் தெளியும் தலைமைப் பணிக்கு ஆகார் என்பது அவர்கள் கொண்ட எண்ணம். அவ்வேலை வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. டெய்லர் உழைப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கொண்ட முடிபுகள் பலவற்றைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. ஏட்டைத் தேடிக் கொணர்ந்தவன் அதனைப் பற்றிப் பேசுதற்குத் தகுதியற்றவன் என்ற இத்தீர்ப்பைப் படிக்குந்தோறும் எம் மனம் புண்படுகின்றது.

ஆயினும் டெய்லருக்கு நாம் ஒரு வகையில் கடமைப்பட்டுள்ளோம். சென்னைக்கு வந்த காகிதச் சுவடிகளில் மை மங்கி, எழுத்து மறைந்துகொண்டிருந்தது. பூச்சி வேறு அரித்தது. மிக மோசமானவற்றை அவர் புதிதாய்ப் பெயர்த்தெழுதுவித்தார். பின்னர்த் தெலுங்குக்குப் பெருந்தொண்டு புரிந்த பிரௌன் துரையும் அவ்வாறே ஊர் வரலாறுகளைப் பிரதி எடுப்பித்துக் கட்டடம் செய்வித்தார். அவரே லண்டனில் கம்பெனி மாளிகையில் கேட்பாரற்றுக் கிடந்த தென்னாட்டு ஏடுகளை 1837-இல் கண்டு, அவை சென்னைக்குத் திரும்ப வழி செய்தார். அவை மெக்கன்சியுடன் ஜாவாவுக்குச் சென்று அங்கேயே 1811-இல் காய்ச்சலால் மாண்ட லெய்டன் என்னும் நண்பர் சேர்த்து வைத்திருந்தவை. மெக்கன்சி, லெய்டன், பிரௌன் ஆகிய இம்மூவர் தொகுதிகளும் ஒன்றுகூடியதே 1869-இல் உருப்பெற்ற அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம்.

அந்நூலகம் கல்லூரியிலும் எழும்பூர்க் காட்சிச்சாலையிலும் இடம் மாறி மாறி இருந்து, கடைசியில் சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் சென்னைப் பல்கலைக் கழக நூலகக் கட்டடத்தை அடைந்தது. அக்கட்டடம் 1936-இல் திறக்கப்பெற்றது. நூலக விஞ்ஞானத்தின் தந்தையெனப் போற்றப்படும் ரங்கநாதன் அவர்கள் அந்நாளில் பல்கலைக் கழக நூலகராக இருந்தார். அச்சுப் புத்தகமும் ஏட்டுச் சுவடியும் ஒரே கூரையின்கீழ் அமைந்ததால் ஆராய்ச்சி மாணவருக்குண்டான நன்மை பெரிது. பல்கலைக் கழகத்துச் சரித்திரப் பேராசிரியர் மகாலிங்கம் அவர்கள் மெக்கன்சி சுவடிகளின் சுருக்கங்களை ஆங்கிலத்தில் தொகுத்தார்கள். தமிழ், மலையாளச் சுவடிகளைப் பற்றிய முதற்பாகத்தைப் பல்கலைக் கழகம் 1972-இல் வெளியிட்டது. மெக்கன்சி இறக்கும்போது ஆசைப்பட்ட அட்டவணை நூற்றைம்பதாண்டு சென்று, இந்நாட்டார் ஒருவர் தலைமையிலேயே இவ்வாறு வந்தது. லட்சுமையாவுக்கு மறுக்கப்பட்டதை எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்வர்.

இப்போது சுவடி நூலகம் பல்கலைக் கழகக் கட்டடத்தினின்று கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இதனை எழுதுமுன், நம் தொண்டைமண்டலத்துச் செய்திகள் என்னென்ன உள்ளன என்று காணும் பொருட்டு மகாலிங்கம் அவர்களின் தொகுதியைப் பல நாள் வைத்துப் படித்தோம். ஊர் பேர் தெரியாத கர்ணமொருவர் தம் ஊரின் ஏரியும் கோயிலும் எவ்வாறு உண்டாயின என்று சொல்லிக்கொண்டு போகிறார். இடையிலே ஏடு ஒடிந்து போயிருக்கிறது. அடுத்த ஏட்டில் வேறோர் ஊரின் கதை தொடங்குகின்றது. எங்கள் வீட்டுப் பரணிலிருந்த கட்டில் எந்த ஊரின் கதை இருந்ததோ!